அந்தப் பிள்ளை எந்த வீட்டுக்குப் போகும்?

குமாரலிங்கபுரத்தில் என் அப்பத்தாவிடம் ஒருமுறை சில படங்களைக் காட்டினேன். தென் அமெரிக்காவில் பயணம் செய்த ஓர் ஐரோப்பிய இணையர் பெரு நாட்டின் குஸ்கோ மலைப்பக்கத்தில் செய்துகொண்ட திருமணத்தின் படங்கள் அவை. தரையில் பூவிதழ்களால் ஒரு வட்டம். நடுவில் வண்ணத்துணி, அதன்மேல் கோக்கா இலைகளும் தானியங்களும் இனிப்புகளும் அடுக்கிய படையல். மண் தாயான பச்சமாமாவுக்கு அந்தப் படையலைக் கட்டித் தருவதற்குத் ‘தெஸ்பாச்சோ’ என்று பெயர். சடங்கு செய்பவர் கெச்சுவா மொழியில் வாழ்த்துகிறார். ஒருவர் சங்கு ஊதுகிறார். ‘சும்பி’ எனப்படும் நெய்த கச்சையால் இருவர் கைகளையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். சோளத்தில் காய்ச்சிய சிச்சாவை முதலில் மண்ணுக்கு ஊற்றிவிட்டுப் பிறகு குடிக்கிறார்கள்.

அப்பத்தா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். சங்கைப் பார்த்ததும், “நம்மூரு மாதிரிதான் இருக்கு” என்றார். பிறகு கேட்டார்: “ஏ தாயி, கல்யாணம் முடிஞ்சு அந்தப் பிள்ளை எந்த வீட்டுக்குப் போகும்?”

“எந்த வீட்டுக்கும் போகாது அப்பத்தா. மறுநாள் ரெண்டு பேரும் அடுத்த ஊருக்குப் போயிருவாங்க” என்றேன்.

“அப்ப அது கல்யாணம் இல்ல. திருவிழா” என்றார்.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலிலிருந்து தொடங்குகிறது. அப்பத்தா அந்த இணையரைக் கேலி செய்யவில்லை. தன் அனுபவத்தில் திருமணம் என்றால் என்ன என்பதைச் சொன்னார். பெண் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றப்படுவதுதான் அவருக்குத் திருமணம். பூ, சங்கு, மேளம் எல்லாம் அந்த மாற்றத்தின் ஓசைகள். மாற்றம் இல்லாமல் ஓசை மட்டும் இருந்தால் அது திருவிழா.

படத்தில் இல்லாதது

பெருவில் சட்டப்படியான திருமணம் பதிவுத் திருமணம்தான். மலையில் நடக்கும் சடங்கு அந்த இணையருக்குச் சட்ட உரிமை எதையும் தருவதில்லை, எதையும் பறிப்பதும் இல்லை. பெரும்பாலும் அவர்கள் தம் ஊரில் ஏற்கெனவே பதிவு செய்தவர்களாகவோ, திரும்பிப் போய்ப் பதிவு செய்யப் போகிறவர்களாகவோ இருப்பார்கள். மாமல்லபுரத்திலோ திருவண்ணாமலையிலோ பட்டுச்சேலையும் வேட்டியும் கட்டி மாலை மாற்றிக்கொள்ளும் வெளிநாட்டினர் நிலையும் இதுதான். இந்து திருமணச் சட்டம் இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கே பொருந்தும். வேறு சமயத்தவர் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போகவேண்டும். அதற்கு இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் தங்கியிருக்க வேண்டும். அறிவிப்பு ஒட்டி இன்னொரு முப்பது நாள் காத்திருக்க வேண்டும். வழிப்போக்கருக்கு அந்த நேரம் ஏது? ஆகவே அவர்கள் கழுத்தில் ஏறும் தாலி ஒரு நினைவுப்பொருள். கழற்றிப் பெட்டியில் வைத்தால் அவர்களை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

ஆண்டிஸ் மலைப் பெண்ணுக்கே அங்குள்ள மணமுறை எப்படி இருந்தது என்பது படங்களில் தெரியாது. அங்கே சடங்கைவிட முக்கியமாக இருந்தது நீண்டகால வழக்கம் ஒன்று. இருவர் முதலில் சேர்ந்து வாழ்ந்து பார்ப்பார்கள். ஒத்துப்போனால் திருமணம், ஒத்துப்போகாவிட்டால் பிரிவு. அதற்குச் ‘சிர்வினக்குய்’ என்று பெயர். ஒருவருக்கொருவர் பணி செய்தல் என்பது பொருள். இந்தச் சொல்லிலேயே பாதி ஸ்பானியமும் பாதி கெச்சுவாவும் கலந்திருக்கின்றன. கிறிஸ்தவப் பாதிரிமார் இதைப் பாவம் என்றார்கள். 1621இல் ‘உருவ வழிபாட்டை’ ஒழிப்பதற்கென்று நூல் எழுதிய பாதிரியார் அர்ரியாகா, மணமாகும் முன் சேர்ந்து வாழும் இந்த வழக்கத்தைத் திருத்தவேண்டிய குற்றங்களில் ஒன்றாகக் குறித்துவைத்தார்.

இதனால் பழைய ஆண்டிஸ் பெண்களின் சொர்க்கமாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சேர்ந்து வாழ்ந்து பார்க்கும் காலத்தில் பெரும்பாலும் பெண்தான் ஆணின் பெற்றோர் வீட்டுக்குப் போய் உழைத்தாள். அதற்கும் முன்பு இன்கா பேரரசு அழகும் திறமையும் உள்ள சிறுமிகளை ‘அக்யா’க்களாக, தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களாக, ஊர்களிலிருந்து பிரித்தெடுத்து, நெய்யவும் சிச்சா காய்ச்சவும் வைத்து, அரசனுக்கு வேண்டியவர்களுக்கு மனைவியராகக் கொடுத்தது. ஆனால் ஒன்று உண்டு. ஆண்டிஸ் கிராமங்களில் பெண்ணுக்குத் தாய் வழியாக நிலமும் கால்நடையும் வந்தன. கணவன் வீட்டுக்குப் போனாலும் அவளுடைய ஆடுகள் அவளுடையவை. சடங்கைப் பார்க்க வருபவர்கள் பூவட்டத்தைப் படம் எடுக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயரில் எத்தனை ஆடு இருக்கிறது என்பது படத்தில் வருவதில்லை.

எங்கள் காட்டில் மணமுறை

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. பருத்தி, மிளகாய், கம்பு, சோளம். மழை பொய்த்தால் பஞ்சம், பெய்தால் கல்யாணம். இங்கே ‘பாரம்பரியத் திருமணம்’ என்று இன்று மண்டபங்களில் நடப்பதைப் பார்த்து இதுதான் ஆதியிலிருந்து வந்தது என்று இளம்பெண்கள் நம்புகிறார்கள். ஐயர், ஓமம், சப்தபதி, கன்னிகாதானம் எல்லாம் எல்லாச் சாதிகளுக்கும் எக்காலத்திலும் உரியவையாக இருக்கவில்லை. பல சாதிகளில் பரிசம் போடுவதும், தாய்மாமன் சீரும், ஊர்ப்பெரியவர் முன் தாலி கட்டுவதும், மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவதும்தான் திருமணம்.

அதைவிட முக்கியமானது, கட்டியதை அவிழ்க்கவும் முறை இருந்தது. ஒத்துவராத உறவைப் பஞ்சாயத்தில் தீர்த்துவிடுவார்கள். அந்தப் பெண் மறுபடி மணம் செய்வாள். ‘அறுத்துக் கட்டுவது’ என்று இதற்குப் பெயர். மதுரை, இராமநாதபுரம் சீமைகளில் பல சாதிகளிடம் மணவிலக்கும் மறுமணமும் வழக்கமாக இருந்ததை 1909இல் வெளியான தர்ஸ்டனின் ஏழு தொகுதி சாதிகள் நூலும் பதிவு செய்திருக்கிறது. இந்த வழக்கமும் பெண்ணுக்கு முழு நீதி செய்யவில்லை. பரிசப்பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும், பிள்ளைகளைப் பெரும்பாலும் தகப்பன் வீட்டில் விட்டுவரவேண்டும், தீர்ப்புச் சொல்கிற பஞ்சாயத்தில் ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் ஒரு கதவு இருந்தது. தங்களை உயர்த்திக்கொள்ள முனைந்த சாதிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து முதலில் மூடியது அந்தக் கதவைத்தான். ‘அறுத்துக் கட்டுகிற சாதி’ என்பது வசைச்சொல்லானது. புரோகிதர் உள்ளே வந்தார், மறுமணம் வெளியே போனது. சாதி மேலேறிய படிக்கட்டாகப் பெண்தான் கிடந்தாள்.

சுக்கிலநத்தம், 1928

இந்தச் சூழலில்தான் அருப்புக்கோட்டைக்கு அருகில் உள்ள சுக்கிலநத்தத்தில் 1928 மே 28 அன்று பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அன்று இது இராமநாதபுரம் மாவட்டம். பெரிய நகரத்திலோ படித்தவர்கள் கூடும் மன்றத்திலோ நடக்காமல், ஒரு கரிசல் கிராமத்தில் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை.

பின்வந்த ஆண்டுகளில் இந்தத் திருமணங்கள் பொதுக்கூட்டங்களைப் போலவே நடந்தன. மணமக்களை மேடையில் உட்காரவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பெண்விடுதலை பேசினார்கள். வேண்டுமென்றே ராகு காலத்தில் நடத்தினார்கள். ‘வாழ்க்கைத் துணை ஒப்பந்தம்’ என்ற சொல் வந்தது. விதவைகள் மணந்தார்கள். சாதி கடந்து சிலர் மணந்தார்கள். 1929 டிசம்பரில் ஈரோட்டில் பெரியார், நாகம்மையார் இல்லத்தில் குஞ்சிதமும் குத்தூசி குருசாமியும் அப்படி மணந்தார்கள். நாகம்மையாரே பல திருமணங்களுக்குத் தலைமை வகித்தார். பெண் சடங்கில் கொடுக்கப்படும் பொருளாகவே இருந்துவந்த நாட்டில், பெண்ணே திருமணத்தை நடத்திவைத்தது சிறிய செய்தி அல்ல.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை, மணவிலக்கு உரிமை, துணையைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை என்று தீர்மானங்கள் போட்டது. 1931இல் விருதுநகரில் மாநாடு கூடியபோது பெண்கள் மாநாடும் நடந்தது. அதற்கு இந்திராணி பாலசுப்பிரமணியம் தலைமை வகித்தார். திருமண மேடையில் பேசியதெல்லாம் இங்கே தீர்மானங்களாகவும் கோரிக்கைகளாகவும் மாறின.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பல சுயமரியாதைத் திருமணங்கள் ஒரே சாதிக்குள் நடந்தன. பலவற்றில் தாலி இருந்தது. சுக்கிலநத்தத்தைப் பற்றிப் பேசும்போது நாமும் தலைமை வகித்தவரின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறோம். அன்று அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்த மணப்பெண் மறுநாள் காலையில் அண்டை வீட்டுப் பெண்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று நாம் கேட்பதில்லை. அக்கினி சாட்சி இல்லாமல் கட்டியவள் என்ற பேச்சைத் தண்ணீர் எடுக்கப் போகும் இடத்தில் கேட்டுக்கொள்ளவேண்டியவள் அவள்தான், மேடையில் பேசியவர்கள் அல்ல.

பழையதுதான் வழக்கமா?

தண்ணீர்த்துறைப் பேச்சைவிடப் பெரிய ஆபத்து நீதிமன்றத்தில் இருந்தது. அதற்கும் எங்கள் சீமையோடு ஒரு தொடர்பு உண்டு. இராமநாதபுரம் சமஸ்தானத்தின் விதவை ராணி பர்வதவர்த்தினி, கணவரின் அனுமதி பெறாமல் தத்தெடுத்தது செல்லுமா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1868இல் வந்த தீர்ப்பு ராணிக்குச் சாதகமானது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம், எழுதிவைத்த சாத்திரத்தைவிட வலிமையானது என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. இந்தியா முழுவதும் இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கும் ‘இராமநாதபுரம் வழக்கு’ இதுதான்.

வழக்கம் சாத்திரத்தை வெல்லும் என்பது பெண்களுக்கு நல்ல செய்தி போலத் தோன்றும். ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலத்ததாக இருக்கவேண்டும். பாட்டன் காலத்தில் நடந்தது வழக்கம். நேற்று ஒரு பெண்ணும் ஆணும் யோசித்து, பேசி, ஏற்படுத்திக்கொண்டது வழக்கம் ஆகாது. சுயமரியாதைத் திருமணம் சிக்கியது இந்த இடத்தில். தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில் (1954ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியானது) சென்னை உயர்நீதிமன்றம், சடங்கு இல்லாத சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொன்னது. ஒரு கூட்டம் தன் விருப்பத்துக்குப் புதிய மணமுறையை உண்டாக்கிக்கொள்ள முடியாது, அதற்குச் சட்டம் இயற்றவேண்டும் என்பது அதன் கருத்து.

இந்தத் தீர்ப்பின் பொருளை வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். கணவன் இறந்தால் அவள் விதவை அல்ல. சொத்தில் மனைவிக்குரிய பங்கு இல்லை. அவள் பெற்ற பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்கள் அல்ல. கணவனுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. அவன் பெயரும் நிலமும் அவனிடமே இருந்தன. இருவரும் சேர்ந்து சடங்கை விட்டார்கள், விலையை அவள் மட்டும் கொடுத்தாள்.

சடங்கு இல்லாததை ஆண்கள் தங்களுக்குச் சாதகமாகவும் பயன்படுத்தினார்கள். மனைவி இருக்கும்போதே இன்னொருத்தியை மணந்தவன், இரண்டாவது திருமணத்தில் முறையான சடங்கு நடக்கவில்லை, ஆகவே அது திருமணமே அல்ல, ஆகவே நான் குற்றவாளி அல்ல என்று வாதிடலாம். மகாராட்டிரத்திலிருந்து வந்த பாவுராவ் லோகண்டே வழக்கில் 1965இல் உச்சநீதிமன்றம் இதை ஏற்று, தண்டனையை நீக்கியது. ஏமாந்தவர்கள் இரண்டு பெண்கள். சடங்கைக் குறைவாகச் செய்த சாமர்த்தியம் ஒரு ஆணுடையது.

‘அல்லது’ என்ற சொல்

1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு, இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைச் சேர்த்தது. 1968 சனவரி 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சுக்கிலநத்தத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம். அல்லது தாலி கட்டலாம். புரோகிதர் தேவையில்லை. சில விலக்குகள் தவிர, முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும். நாற்பது ஆண்டுகளாகச் சட்டத்தின் கண்ணில் படாமல் வாழ்ந்த பெண்கள் ஒரே நாளில் மனைவியர் ஆனார்கள்.

மாணவிகள் இந்தப் பிரிவைப் படிக்கும்போது அதில் உள்ள ‘அல்லது’ என்ற சொல்லை நிதானமாகப் பாருங்கள். தாலி அங்கே மூன்று வழிகளில் ஒன்று. அது இல்லாமலும் திருமணம் முழுமையானது.

இந்தப் பிரிவு, சடங்கை ஓட்டையாக்கித் தப்பிக்கும் ஆண்களையும் பிடித்தது. 2001இல் நாகலிங்கம் எதிர் சிவகாமி வழக்கில், இரண்டாவது திருமணத்தில் சப்தபதி நடக்கவில்லை, ஆகவே அது செல்லாது என்று கணவன் தரப்பு வாதிட்டது. தமிழ்நாட்டில் 7அ இருக்கிறது, சப்தபதி கட்டாயம் இல்லை, அந்தத் திருமணம் திருமணம்தான், ஆகவே அவர் செய்தது குற்றம்தான் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. சடங்கிலிருந்து விடுதலை என்பது ஆணுக்குப் பொறுப்பிலிருந்து விடுதலை அல்ல என்பதை முதல் மனைவியான சிவகாமி நடத்திய வழக்கு எழுத்தில் கொண்டுவந்தது.

இன்னொரு வகை வழிப்போக்கர்

எங்கள் பக்கத்திலும் பயணம் செய்யும் இணையர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படம் எடுப்பதில்லை. சாதி கடந்து காதலித்து, சான்றிதழ்களை ஒரு பையில் வைத்துக்கொண்டு, முதல் பேருந்தில் மதுரைக்கோ கோவைக்கோ போகிறவர்கள். அவர்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் முப்பது நாள் அறிவிப்பு என்பது தேடிவருபவர்களுக்கு முகவரி எழுதிக்கொடுப்பதைப் போன்றது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதையும், வெட்டுக் காயங்களோடு பிழைத்த கௌசல்யா பின்னர் சாதிக்கு எதிராகப் பேச எழுந்ததையும் நாம் மறக்கவில்லை.

அந்த இணையர்களுக்கு 7அ ஒரு கவசம். ஊரைக் கூட்ட வேண்டாம், நாள் பார்க்க வேண்டாம். இரண்டு நண்பர்கள் போதும். 2014இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, வழக்கறிஞர் அலுவலகங்களில் மறைவாக நடக்கும் இத்தகைய திருமணங்கள் செல்லாது என்றது. 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்சநீதிமன்றம் அதைத் தவறு என்றது. அச்சுறுத்தலில் இருப்பவர்களிடம் பலர் அறியத் திருமணம் செய்யச் சொல்வது அவர்கள் உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதை அந்தத் தீர்ப்பு உணர்ந்திருந்தது. வழக்கறிஞர்கள் நண்பராக, தனி மனிதராக அந்தத் திருமணத்தை நடத்திவைக்கலாம்.

7அவுக்கும் எல்லை உண்டு. அது இரண்டு இந்துக்களுக்கு மட்டும். முஸ்லிம் தோழியை, கிறிஸ்தவத் தோழனை மணக்க விரும்புபவருக்கு அந்த முப்பது நாள் சுவர் அப்படியே நிற்கிறது. எந்த வழியில் மணந்தாலும், 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்யுங்கள். கழுத்தில் இருப்பதைவிடக் கையில் இருக்கும் அந்தத் தாள் பெண்ணுக்கு உதவும்.

சொத்து விஷயத்திலும் திருமணம் ஒரு கோடு கிழித்தது. செங்கல்பட்டுத் தீர்மானம் போட்டு அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல் தமிழ்நாடு மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களுக்கு அது இல்லை. கல்யாணத் தேதி ஒரு நாள் முந்தினால் நிலம் இல்லை. 2005இல் மத்தியச் சட்டம் வரும்வரை அக்காளுக்கு இல்லாத பங்கு தங்கைக்கு இருந்த வீடுகள் எங்கள் பக்கம் உண்டு.

குஸ்கோ மலையில் பூவட்டத்துக்குள் நின்ற அந்த இணையர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பிறர் சடங்கை மரியாதையோடு ஏற்றால், அதைச் செய்துவைக்கும் கெச்சுவாக் குடும்பத்துக்கு நியாயமான கூலி கிடைத்தால், அது ஒரு நல்ல நாள். ஆனால் ஒரு சடங்கை அழகு என்று மட்டும் பார்க்க, அதிலிருந்து வெளியேறும் வழி கையில் இருக்கவேண்டும். அந்தப் பெண்ணிடம் திரும்பிப் போகும் பயணச்சீட்டு இருந்தது. என் அப்பத்தாவிடம் இல்லை. மணவிலக்கும் சொத்துரிமையும் பதிவும் கேட்டு நூறாண்டாகப் பெண்கள் போராடியது, வாழப் போன வீட்டிலிருந்து வேண்டும்போது வெளியே வரும் வழி எல்லாப் பெண்களுக்கும் இருக்கவேண்டும் என்பதற்காக.

பிறிதொரு நாள் அப்பத்தாவிடம் 7அவைப் பற்றிச் சொன்னேன். மேளம் இல்லாமல், மந்திரம் இல்லாமல், ரெண்டு பேர் முன்னாடி ‘நான் இவரை ஏத்துக்கிறேன்’ என்று சொன்னால் போதும், சட்டப்படி கல்யாணம் என்றேன். நம்பவில்லை. ‘அந்தப் பிள்ளையே வாயால சொல்லணுமா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “எங்கிட்ட யாரும் கேக்கல தாயி.”